கதிரைக் கால் ஏன் ஆடுகிறது?

மரத்தைக் குறை சொல்கிறோம், தச்சுப் பாஸைத் திட்டுகிறோம். கொழும்புக் காற்றுக்கும் வாளிக்குள் இருக்கும் வெள்ளைப் பசைக்கும் நடக்கும் இழுபறியைக் கவனிப்பவர் குறைவு.

மே மாதக் கடைசி. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டுவிட்டது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு தொடர்மாடி வீடு. ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிர்கிறது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு தேக்குக் கதிரைகள். வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. சாப்பிட்டு முடித்தவர் முதுகைச் சாய்த்ததும் ஒரு கதிரை கிறீச்சிடுகிறது. பின்காலைப் பிடித்து அசைத்தால் கழுந்து துளையை விட்டு வெளியே வருகிறது. மரம் எங்கும் முறியவில்லை. கழுந்தின் மேல் ஒரு வெண்படலம் ஒட்டியிருக்கிறது. நகத்தால் நெம்பி இழுத்தால் அது நொறுங்காமல் நீண்டு கொடுக்கிறது.

வழக்குக்கு வேண்டிய தடயம் அந்தப் படலத்தில் இருக்கிறது. நல்ல பசை தோற்கும்போது மரத்தையும் கிழித்துக்கொண்டுதான் தோற்கும். இங்கே மரத்தில் ஒரு நார்கூடப் பிய்யவில்லை. பசைதான் இளகி வழுவியிருக்கிறது.

இதே நேரம் நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஆமர் வீதியிலும் பழைய சோனகத் தெருவிலும் ஹார்ட்வெயார் கடைகள் திறந்துவிட்டன. வாசலில் பைண்டர் கம் எனப்படும் வெள்ளைப் பசை வாளிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்:

“அண்ணே, கம் ஒரு கிலோ தாங்கோ.”

“எந்தச் சாமான் தம்பி? கூடினதா, குறைஞ்சதா?”

எந்த வேலைக்கு என்ற கேள்வி வருவதில்லை. படச்சட்டம் செய்கிறவரும் குசினி பென்ட்ரி அடிக்கிறவரும் பால்கனிக் கதவு செய்கிறவரும் ஒரே வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விலையைக் கேட்டு வாங்குகிறோம், ஈரம் தாங்குமா என்று கேட்டு வாங்குவதில்லை. கொழும்புத் தளபாடத்தின் ஆயுளைக் குறைப்பதில் மோசமான மரத்துக்கு உள்ள அளவு பங்கு இந்தக் கேட்காத கேள்விக்கும் உண்டு என்பது என் கணிப்பு.

ஐரோப்பாவின் உலர்ந்த அறை

வெப்பத்தில் இளகும் மரப் பசைகளைத் தரம் பிரிக்க உலகம் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோல் ‘ஈஎன் 204’ என்ற ஐரோப்பிய நியமம். டி1 முதல் டி4 வரை நான்கு படிகள். கீழ்ப்படியான டி1 வீட்டுக்குள் உலர்ந்த இடத்துக்கு உரியது. உலர்ந்த இடம் என்றால் என்ன என்பதையும் நியமமே சொல்கிறது: மரத்தின் ஈரச்செறிவு 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இந்த எண்ணைக் கொழும்புக்குக் கொண்டுவந்து பாருங்கள். மரம் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும் பொருள். காற்றின் சாரீரப்பதன் 50 சதவீதமாக இருந்தால் மரம் ஏறக்குறைய 9 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். சூடேற்றிய ஐரோப்பிய வீட்டில் நடப்பது இது. 28 பாகை செல்சியஸில் சாரீரப்பதன் 80 ஆனால் மரத்தின் ஈரம் 15 முதல் 16 சதவீதத்துக்குப் போய்விடும். கடலோரக் கொழும்பில் பருவமழைக் காலத்து இரவுகளில் சாரீரப்பதன் 80-ஐச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஒரு கோப்பை தண்ணீர்கூடச் சிந்தாமல், யன்னலைத் திறந்து வைத்த ஒரே காரணத்துக்காக, வெள்ளவத்தைக் கதிரை டி1 எல்லையை முட்டிவிடுகிறது. அந்த நியமம் எழுதியவர்கள் குளியலறையை மனதில் வைத்துச் சொன்ன ஈரம் நமக்கு வரவேற்பறையிலேயே கிடைக்கிறது.

இதன்மேல் வெப்பமும் சேர்கிறது. வெள்ளைப் பசையின் உடலாகிய பொலிவினைல் அசற்றேற்று ஏறக்குறைய 30 பாகையில் விறைப்பை இழந்து இளகத் தொடங்கும் பல்பகுதியம். ஈரம் உள்ளே நுழைந்தால் அந்த வெப்பநிலை இன்னும் கீழே இறங்கும். ஜேர்மன் வீட்டு 20 பாகையில் அது விறைத்த பிளாஸ்டிக்காக இருக்கும். கொழும்பில் வருஷம் முழுவதும் இளகும் எல்லையிலேயே நிற்கிறது. தகரக் கூரைப் பட்டறையிலும் வெயிலில் நிறுத்திய லொறியிலும் எல்லை கடந்துவிடும். இழுத்துப் பார்க்கும் சோதனையில் நன்றாகத் தேறும் பசைகூட, ஓயாமல் பாரம் தாங்கும் பொருத்தில் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வழுவும். அலுமாரித் தட்டு நடுவில் தொய்வதும் கதிரைக் கால் ஆடுவதும் பல வேளைகளில் இதனால்தான்.

▣ பெட்டி: நான்கு படிகள்

*டி1:* வீட்டுக்குள், உலர்ந்த இடம். மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குள்.
*டி2:* வீட்டுக்குள், எப்போதாவது தண்ணீர் அல்லது உயர் ஈரப்பதன் படும் இடம். மரத்தின் ஈரம் 18 சதவீதத்துக்குள்.
*டி3:* வீட்டுக்குள், அடிக்கடி சிறிது நேரம் தண்ணீர் படும் இடம் அல்லது கடும் ஈரப்பதன் நிலவும் இடம். மழை நேரே படாத வெளிப்புறமும் இதில் அடங்கும்.
*டி4:* நீண்ட நேரம் தண்ணீர் படும் உள்ளிடம், மேற்பூச்சுக் காப்புள்ள வெளிப்புறம்.

டி3 பெற வேண்டுமானால், பசையிட்டு 7 நாள் உலர்ந்த பொருத்தை 4 நாள் தண்ணீரில் போட்டு, ஈரத்தோடே இழுக்கும்போது சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தது 2 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். டி4-க்கு அது 4 நியூட்டன். அதோடு 6 மணி நேரம் கொதிநீரில் கிடந்து ஆறிய பிறகும் அதே 4 நியூட்டன் தாங்க வேண்டும்.

இடியப்பத்தில் ஊற்றிய சொதி

வாளிக்குள் இருப்பது கரைசல் அல்ல. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணிக்கைகள் தண்ணீரில் மிதக்கின்றன, அவ்வளவுதான். வினைல் அசற்றேற்று என்ற ஒருபகுதியத்தைத் தண்ணீரில் கலக்கிச் சூடாக்கி, ஊக்குவித்துத் தொடராக்கினால் துணிக்கைகள் உருவாகும். அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரையாமல் இருக்கப் பொலிவினைல் அற்ககோல் சேர்ப்பார்கள். அது ஒவ்வொரு துணிக்கையையும் சுற்றிக் கவசமாக நிற்கும். பசைக்குத் தடிப்பையும், தடவியவுடன் பிடிக்கும் பதத்தையும் தருவது இந்தக் கவசம். பாஸ்மார் பிரஷைத் தூக்கிப் பார்த்து நல்ல கம் என்று சொல்வது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான்.

பலகைகளை ஒட்டி அழுத்தியதும் தண்ணீரை மரம் உறிஞ்சும். துணிக்கைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றாகிப் படலமாகும். படலத்துக்குள் நீளமான சங்கிலி மூலக்கூறுகள் சிக்கிப் பின்னிக் கிடக்கும். ஆனால் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்காது. தட்டில் வைத்த இடியப்பமும் இப்படித்தான்: காய்ந்திருக்கும்வரை கையால் தூக்கினால் முழுதாக வரும், சொதியை ஊற்றினால் இழை இழையாகப் பிரிந்துவிடும். பசைப் படலத்தில் சொதி நுழைய வழி விடுவது அந்தக் கவசம்தான். பொலிவினைல் அற்ககோலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். துணிக்கைகளுக்கு நடுவே வலைபோட்டு நிற்கும் அது ஈரத்தை உறிஞ்சி வீங்கிவிடும்.

பசையைப் பூசச் சுகமாக்கும் பொருளே அதை ஈரத்துக்குக் காட்டியும் கொடுக்கிறது. வெள்ளைப் பசையை மேம்படுத்த நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரு முரண்பாட்டோடு மல்லுக்கட்டியதுதான்.

முடிச்சுப் போடும் வழிகள்

மிகவும் வேரூன்றிய வழி, சங்கிலிகளைக் குறுக்கே பிணைப்பது. வினைல் அசற்றேற்றுத் தொடரில் ஆங்காங்கே என்-மெதைலோல் அக்ரிலமைட் என்ற இன்னொரு ஒருபகுதியத்தைச் செருகுவார்கள். பசை உலரும்போது, அலுமினியம் குளோரைட்டு போன்ற அமிலத்தன்மையுள்ள உப்பின் ஊக்குவிப்பால், அந்த இடங்கள் பக்கத்துச் சங்கிலியையும் பொலிவினைல் அற்ககோலையும் பிடித்து நிரந்தர முடிச்சுப் போடும். பிறகு ஈரம் நுழைந்தாலும் படலம் வீங்குமே தவிரக் கரைந்து வழுவாது. ஒரே வாளியில் வரும் டி3 பசைகளில் பலவற்றின் சூத்திரம் இதுதான். அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் இன்டர்நேஷனல் விற்கும் ‘டைட்பொண்ட் 2’-உம் குறுக்குப் பிணைப்பு வகையைச் சேர்ந்தது.

இதற்குக் கொடுக்கும் விலை மூன்று. முதலாவது, அமிலம். டனின் நிறைந்த மரத்தில் இரும்பு ஆணியோ கிளாம்போ ஈரப் பசையோடு தொட்டால் கறுப்புக் கறை விழும். இரண்டாவது, முடிச்சு உண்டாகும்போது சிறிதளவு ஃபோமல்டிஹைட் வெளியேறும். பார்ட்டிக்கல் போர்ட்டில் போகும் யூரியாப் பிசினோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். ஆனாலும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-இல் அதைப் புற்றுநோய்க் காரணியாக உறுதிப்படுத்திய பிறகு, அது இல்லாத மாற்று வழிகளைத் தேடுவது ஆராய்ச்சியில் தனிக் கிளையாகிவிட்டது.

மூன்றாவது விலை, கொழும்புக்காரர் கட்டாயம் கவனிக்க வேண்டியது. முடிச்சுப் போடும் இரசாயனம் வாளிக்குள்ளேயும் மெதுவாக வேலை செய்துகொண்டேயிருக்கும், வெப்பத்தில் வேகமாகச் செய்யும். குளிர்நாட்டுக் களஞ்சியத்தில் ஒரு வருஷம் தாங்கும் வாளி, நம் தகரக் கூரைக் களஞ்சியத்தில் அதற்கு முன்பே தடித்துக் கூழாகலாம். அப்போது சில பட்டறைகளில் தண்ணீர் விட்டு இளக்கிப் பாவிப்பார்கள். டி3 விலை கொடுத்து டி1-ஐயும் விடக் கீழான சரக்கை உண்டாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இன்னொரு பாதை கவசத்தையே மாற்றுவது. எதிலீன் அலகுகள் கலந்த பொலிவினைல் அற்ககோல் தண்ணீரைக் கொஞ்சம் வெறுக்கும். அசற்றோஅசற்றைல் கூட்டம் ஏற்றிய வகை குறைந்த அளவு பிணைப்பியோடும் உறுதியாகப் பிணையும். ஜப்பானியக் கம்பனிகள் இந்தத் துறையில் முன்னோடிகள். அங்கே 1970-களில் வளர்ந்த இன்னொரு முறையில், வெள்ளைப் பசையோடு வேலை நேரத்தில் ஐசோசயனேற்று விறைப்பியைக் கலப்பார்கள். மலேசியா, தாய்லாந்து, வியட்நாமில் இறப்பர் மரத் துண்டுகளை விரல்போல் கோத்து ஏற்றுமதிப் பலகையாக்கும் தொழிலில் அது பெரிதும் புழங்குகிறது. கலந்த பசையைக் குறுகிய நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஐசோசயனேற்று நுரையீரலுக்குக் கெடுதி. கையுறையும் காற்றோட்டமும் இல்லாத சின்னப் பட்டறைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

நுண்ணிய களிமண் தகடுகளையும் சிலிக்காவையும் பசையில் பரப்பி ஈரத்தின் பாதையை நீட்டுவது கடந்த இருபது வருஷத்து ஆய்வுகளில் அடிக்கடி வரும் யோசனை. இதில் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மன்னார் மாவட்டத்து முருங்கன் களிமண்ணில் மொண்ட்மொரிலோனைற்று உண்டு. ஆய்வுகளில் பேசப்படும் தகட்டுக் கனிமமும் இதே இனம்தான். காங்கேசன்துறை சீமெந்துக்கு ஒரு காலத்தில் ஏற்றிப் போன மண் இது. ஹோமாகமையில் நனோ தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது, கொழும்பு 7-இல் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது, மொரட்டுவையில் பல்கலைக்கழகமும் தச்சுப் பட்டறைகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஊருக்குத் தக்க பசைக்கு இவை ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

▣ பெட்டி: வந்த வழி

1912-இல் ஜேர்மனியில் பிரிட்ஸ் கிளாட்டே பொலிவினைல் அசற்றேற்றைக் கண்டுபிடித்தார். 1924-இல் வில்லி ஹெர்மான், வொல்ஃப்ராம் ஹேனல் இருவரும் பொலிவினைல் அற்ககோலை உண்டாக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தச்சுப் பட்டறைகளில் மாட்டெலும்பு, தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையை வெள்ளைப் பசை ஓரங்கட்டியது. அடுப்பு வேண்டாம், நாற்றமில்லை. பம்பாயில் பல்வந்த்ராய் பாரேக் 1959-இல் ஃபெவிகோலைக் கொண்டுவந்தார். இலங்கையில் சிஐசி வளர்த்த ‘கெமிஃபிக்ஸ்’ பின்னாளில் அதே பாரேக் குடும்பத்தின் பிடிலைட் கைக்கு மாறியது.

டெக்சஸில் பனி, ஆமர் வீதியில் விலை

வினைல் அசற்றேற்று எதிலீனிலிருந்தும் அசற்றிக் அமிலத்திலிருந்தும் பிறப்பது. பெற்றோலிய இரசாயனத் தொழில் இல்லாத இலங்கையில் அது உற்பத்தியாவதில்லை. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸைப் பனிப்புயல் தாக்கி ஆலைகள் நின்றபோது உலகச் சந்தையே தடுமாறியது. அந்த ஆண்டிலேயே தொன் ஒன்றின் விலை 2,000 டொலரைத் தாண்டியது. அடுத்த வருஷம் நம் ரூபாய் சரிந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360-ஐத் தொட்டது.

இப்படி விலை ஏறும்போது தரம் முதலில் கரையும் இடம் வாளியின் உட்புறம். கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணத்தூள், மலிவு. மாப்பொருளும் மலிவு. கொஞ்சம் சேர்ப்பது நியாயமானதே, இடைவெளியை நிரப்பும், உலர்வை விரைவாக்கும். அளவு மீறினால் பசை தடிப்பாகவும் வெள்ளையாகவும் பார்க்க அழகாகவும் இருக்கும், பிடிப்பு இருக்காது. ‘திண்மம் இத்தனை சதவீதம்’ என்ற எண்ணும் இங்கே உதவாது, சுண்ணத்தூளும் திண்மம்தான். ‘வோட்டர் புரூஃப்’ என்ற சொல்லுக்கு அளவுகோல் கிடையாது. டி3-க்கு உண்டு. இந்தியாவில் இந்தப் பசைக்கு ‘ஐஎஸ் 4835’ என்ற தனி நியமம் இருக்கிறது. இங்கேயும் வாளியின் முகப்பில் ஈரப்படியை அச்சிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அது பெரிய சுமையாக இருக்காது.

▣ பெட்டி: வீட்டில் செய்யக்கூடியவை

ஒரு கரண்டிப் பசையைத் தண்ணீரில் கலக்கித் தேசிக்காய்ப் புளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணத்தூள் இருக்கிறது. அயடீன் விட்டு மாப்பொருள் தேடும் சோதனை இங்கே ஏமாற்றும், பொலிவினைல் அற்ககோலும் அயடீனோடு நிறம் காட்டும். நம்பக்கூடியது தண்ணீர்ச் சோதனை: இழைத்த இரண்டு துண்டுகளை ஒட்டி ஒரு கிழமை விட்டு, 4 நாள் வாளித் தண்ணீரில் போடுங்கள். கையால் முறுக்கியதும் வழுக்கிக் கழன்றால் அந்தப் பசையைக் குசினிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பசையை மட்டும் பழிக்க முடியாது

காயாத பலகையில் உலகத்தின் சிறந்த பசையும் தோற்கும். தண்ணீர் வெளியேற இடமிருந்தால்தான் வெள்ளைப் பசை பிடிக்கும், ஏற்கெனவே ஈரம் நிரம்பிய மரம் அதை எப்படி உறிஞ்சும்? தேக்கும் முதிரையும் எண்ணெய்ப் பிடிப்புள்ளவை. இழைத்த அன்றே ஒட்ட வேண்டும், மறுநாள் என்றால் தின்னரால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். இறப்பர் மரம் நன்றாக ஒட்டும். ஆனால் துளைப்பூச்சி அரிக்காமல் அதை வெண்காரம், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்துவார்கள். வெண்காரம் பொலிவினைல் அற்ககோலைக் கண்டவுடன் கூழாக்கும், பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் செய்யும் ஸ்லைம் அதுதான். பலகை மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் இழைத்து நீக்கிவிட்டு ஒட்டுவது நல்லது.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இப்போது புதிதாக ஒரு துன்பம் சேர்ந்திருக்கிறது. படுக்கையறையில் ஏசி, கூடத்தில் திறந்த யன்னல். கூடத்தில் 15 சதவீத ஈரத்தோடு கிடந்த தேக்குப் பலகை ஏசி அறைக்குப் போனால் 10 சதவீதத்துக்கு இறங்கும். ஓரடி அகலப் பலகையில் அது 2 முதல் 3 மில்லிமீற்றர் சுருக்கம். அந்த இழுவையில் பெரும்பகுதி பசைக் கோட்டில்தான் விழும். இங்கே வெறும் விறைப்பு உதவாது, கொஞ்சம் நெகிழவும் தெரிந்த பசை வேண்டும். குறுக்குப் பிணைப்பை அளவுக்கு மேல் ஏற்றிக் கண்ணாடிபோல் ஆக்கிவிடாமல், எதிலீன் போன்ற மென்மையான அலகுகளையும் சேர்த்து நடுநிலை காண்பது இதற்காகத்தான். தேர் செய்யும் ஆசாரிமார் பசையை நம்பாமல் கழுந்தையும் ஆப்பையும் நம்பியதிலும் இதே விவேகம் இருக்கிறது. பலகை நகர அவர்கள் இடம் விட்டார்கள்.

பிரிக்க முடியாத ஒட்டு

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் டி4 வாங்கிவிடலாமா? வேண்டாம். தளபாடம் என்றால் ஒரு நாள் திருத்த வேண்டி வரும். உலர்ந்த வெள்ளைப் பசை மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. ஆடும் கதிரைக்குள் கம் ஊற்றி ஆணி அடிப்பது பணத்தையும் கழுந்தையும் சேர்த்துப் பாழாக்கும் வேலை. பழைய படலத்தை மரம் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். சாதாரணப் பசை என்றால் வெந்நீர்த் துணி சுற்றி இளக்கிப் பொருத்தைப் பிரிக்கலாம். குறுக்கே முடிச்சுப் போட்ட பசை அதற்கு அவ்வளவு இலகுவில் இசையாது, மரத்தையே அறுக்க வேண்டி வரலாம். வயலின் செய்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் இன்றைக்கும் வச்சிரத்தை விடாததற்குக் காரணம் இதுதான். சூடும் ஈரமும் காட்டினால் அது பணிந்து திறந்து கொடுக்கும்.

படச்சட்டத்துக்கும் சாமி அறைத் தட்டுக்கும் டி2 போதும். கதிரை, மேசை, பென்ட்ரி, மழை நேரே படாத யன்னல் சட்டம் எல்லாவற்றுக்கும் டி3. அதையும் களஞ்சியத்தின் குளிர்ந்த மூலையில் வைத்து, திகதி பார்த்து, தண்ணீர் விடாமல் பாவிக்க வேண்டும். மழை படும் கதவுக்கு மட்டும் டி4, மேலே வார்னிஷும் சேர்த்து. ஆறு கதிரைக்குச் சாதாரணக் கம்முக்கும் டி3-க்கும் இடையே வரும் விலை வித்தியாசம், கழன்ற ஒரு கதிரையைப் பிரித்துச் சுரண்டி மறுபடி பூட்ட பாஸுக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலியைத் தாண்டாது.